கழுவிக் கொடுத்த பழைய பம்பு

புக்கிட் பெருந்துங்கில் பட்டறை வைத்திருந்த அந்த மெக்கானிக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. புதுச் சாமான் மாட்டினால், கழற்றிய பழைய சாமானை மண்ணெண்ணெயில் கழுவி, பேப்பரில் சுற்றி, கார்க்காரரிடமே கொடுத்துவிடுவார். ஒல்லியான ஆள். நெற்றியில் விபூதி, நகக்கண்ணில் கிரீஸ்.

அப்பாவின் பழைய காரை மறுபடி ஓட வைக்க நான் பாடுபட்ட நாட்கள் அவை. பவர் ஸ்டியரிங் பம்பை நானே கழற்றப் பார்த்து, சுத்தியலால் அதில் ஒரு பள்ளம் போட்ட பிறகுதான் அவரிடம் போனேன்.

இரண்டு நாளில் வேலையை முடித்துவிட்டார்.

"ஓரி சாமான் தம்பி, ஒரிஜினல், புத்தம் புதுசு. இந்தாங்க உங்க பழசு. கண்ணால பாத்தாதான் நம்பிக்கை லா" என்று பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

எனக்குக் கூச்சமாகிவிட்டது. "உங்கள நம்பாம யாரண்ணே நம்பப் போறேன்" என்று பிரிக்காமலே வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மாதமே தஞ்சோங் காராங் வாய்க்கால் ரோட்டில் ஸ்டியரிங் கல்லாய் இறுகியது. கார் வாய்க்கால் விளிம்பில் போய் நின்றது. வேறொரு பட்டறையில் பம்பைக் கழற்றிப் புதுக் கறுப்புச் சாயத்தைச் சுரண்டினார்கள். அடியில் என் சுத்தியல் போட்ட பள்ளம்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தேன். யாருடைய காரின் பம்போ, ஒரு துளி எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் பளபளத்தது. அந்தப் பட்டறையில் திறந்து காட்டிய என் பம்பின் உள்ளேயோ பழைய கசடு அப்படியே இருந்தது. பொய்க்குக் காட்டிய அக்கறையில் பாதியை வேலைக்குக் காட்டியிருக்கலாம், மனிதர்.