பொன்னி தள்ளி உட்கார்ந்த மத்தியானம்

ஆடு மேய்க்கிற பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வரவைக்கவே முடியாது என்று அடி அண்ணாமலையில் எல்லாரும் கைவிட்ட பிறகு, சந்திரகலா பள்ளிக்கூடத்தை ஆடுகள் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோனாள். அது எழுபத்தொன்பதாம் வருஷம். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் கோட்டைவிட்டு வீட்டில் கிடந்தவளை ஒரு தொண்டு நிறுவனம் பிடித்து டீச்சராக்கியிருந்தது. மத்தியானம் ஆடுகள் ஏரியில் தண்ணீர் குடித்துவிட்டு மலையடிவாரத்துப் புங்க மரத்தடியில் படுத்து அசைபோடும். அவை எழுந்திருக்கிற வரைக்கும் பாடம். வீட்டுப்பாடத்தை ஆடு தின்றுவிட்டது என்று அங்கே ஒரு பிள்ளை சொன்னால் நம்பித்தான் ஆகவேண்டும்.

மரத்தடியில் மஞ்சள் பூசிய ஏழு கற்கள் உண்டு. கன்னிமார். ஊரே பயந்து கும்பிடுகிற சாமி. சந்திரகலாவும் வெள்ளிக்கிழமை தவறாமல் சூடம் ஏற்றிவிட்டுத்தான் பலகையைத் தொடுவாள்.

இருசப்பன் மகள் பொன்னிக்கு ஒருமுறை சொன்னால் போதும். அவள்மேல் சந்திரகலாவுக்கு இருந்தது வெறும் பாசம் இல்லை, பேராசை. தனக்குக் கைநழுவிப் போனதையெல்லாம் இந்தப் பெண் பிடித்துவிடுவாள் என்று நம்பினாள். டவுனில் ஹாஸ்டலில் தங்கி ஆறாவது படிக்க ஒரு பரீட்சை வைக்கிறார்கள் என்று தெரிந்ததும் இருசப்பன் வீட்டுக்கு நடையாய் நடந்தாள்.

"சரி, எழுதட்டும்" என்றான் அவன் கடைசியில். "ஆனா அதுக்குள்ள பெரிய மனுஷி ஆயிட்டா அவ்ளோதான். கீழ்பென்னாத்தூர்ல என் மச்சான் முருகையன் காத்துனு இருக்கான்."

பரீட்சைக்கு ஒரு வாரம்கூட இல்லை. அன்றைக்கு மற்ற பிள்ளைகள் ஆடுகளை நிழலுக்கு ஓட்டிக்கொண்டிருந்தபோது, பொன்னி டீச்சர் காதோடு சொன்னாள்.

"காலையில ஆயிட்டேன் டீச்சர். அம்மாகிட்ட சொல்லல. பரீட்சை முடியற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. உங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன்."

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் சந்திரகலா. மனசாரத்தான் சொன்னாள். புதர் மறைவுக்குக் கூட்டிப்போய், தன் தாவணியில் ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

திரும்பி வந்து, பொன்னி எப்போதும் உட்காருகிற இடத்தில், கன்னிமாருக்கு எதிரே உட்காரப் போனாள். சந்திரகலா பதறிவிட்டாள்.

"இங்க வேணாம் பொன்னி. அந்தப் பாறையாண்ட தள்ளி உக்காரு."

யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. மாதாமாதம் வீட்டுப் பின்கட்டில் ஒதுங்கி உட்கார்ந்து வளர்ந்த உடம்பு அது. பொன்னி ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று சந்திரகலா உரக்கப் பாடம் நடத்தினாள். பொன்னியின் சிலேட்டைக் கையில் தராமல் தரையில் வைத்தாள், பொன்னி எடுத்துக்கொண்டாள். பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவையும் அக்காவையும் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு அதற்குமேல் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளில் ஒருத்தி, வள்ளி, ஆடுகளைக்கூட விட்டுவிட்டுச் சேதி சொல்ல ஊரைப் பார்த்து ஓடியபோதுதான் சந்திரகலாவுக்கு உறைத்தது. அவள் பின்னால் ஓடினாள். எட்டிப் பிடிக்க முடியவில்லை.

மறுநாளே முருகையன் வந்து வாசலில் பச்சை ஓலையில் குச்சு கட்டிப் பொன்னியை உள்ளே உட்காரவைத்தான். பரீட்சைக்கு மட்டும் ஒரே ஒரு நாள் அனுப்பச் சொல்லி சந்திரகலா இருசப்பன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

"குச்சுல இருக்கிற பொண்ண எப்பிடிமா பஸ் ஏத்தறது?" என்றான் அவன், கோபமில்லாமல். "நீங்களே மரத்தடியில சேர்க்கலியே."

சந்திரகலா தன்னையே திட்டிக்கொண்டு திரும்பி நடந்தாள். பரீட்சை நாள் வந்தது, போனது. அதற்கப்புறம் எண்பத்தாறு வரை அந்த மரத்தடியில் பாடம் நடந்தது. எத்தனையோ பிள்ளைகள் டவுனுக்குப் படிக்கப் போனார்கள். எந்தப் பெண்ணையும் அவள் மறுபடி தள்ளி உட்காரச் சொன்னதில்லை. ஆனாலும் யாராவது அந்தப் பள்ளியைப் புகழ்ந்தால் எழுந்து போய்விடுவாள். பொன்னிக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கு வீடு நிறையப் பெண்கள். பொன்னியின் அம்மா ராணியம்மாள் முதல் தாம்பூலத்தை டீச்சருக்குத்தான் கொடுத்தாள்.

"சின்னப் பொண்ணு, தெரியாம மறைச்சிட்டா. கன்னிமார் குத்தம் வராம காப்பாத்தினது நீங்கதான் டீச்சர்."

மாமன் எடுத்துவந்த பட்டுப்புடவையில், முகமெல்லாம் மஞ்சளாகப் பொன்னியை அழைத்துவந்தார்கள். பாய் விரித்திருந்தது. அவள் உட்காராமல் சந்திரகலா எதிரே வந்து நின்றாள்.

"இப்ப உங்க பக்கத்துல உக்காரலாமா டீச்சர்?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். சந்திரகலா அவளை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"டீச்சருக்கு இவமேல பாசம் ஜாஸ்தி" என்று ராணியம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் பெருமையாகச் சொன்னாள்.