பூவரசம் இலைத் தோடு

என் அக்கா இராசேஸ்வரியைப் பற்றி யாராவது கேட்டால் நான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் தொடங்குவேன். மற்ற நாளெல்லாம் அவளுடைய வளவு அவளுடையது. நெல் காயும், கோழி மேயும், ஆடு குழை தின்னும். ஞாயிறு மத்தியானம் சோறு தின்ற கை காயமுதல் முதிரை மரத்துக்குக் கீழே பாய் விரிந்துவிடும். நாலு ஆம்பிளைகள், ஒரு கடதாசிக் கட்டு, இரண்டு சோடியாகப் பிரிந்து ஆடும் முன்னூற்றிநாலு என்ற சீட்டு விளையாட்டு. விளக்கு வைக்கும் வரைக்கும் அந்த வளவில் அக்காவுக்கு ஒரு வேலைதான். தேத்தண்ணி ஊற்றுவது.

வீட்டுக்காரர் வீரகத்தி என் அத்தான். அவருக்குக் கூட்டு, என் மனிசன் தவராசா. எங்கள் காணியும் அவர்கள் காணியும் வேலிக்கு வேலி. எதிர்ப்பக்கத்தில் குடியேற்றத்திட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த கனகலிங்கம் வாத்தியார். அவருக்குக் கூட்டு, சந்தியில் கருவாட்டுக் கடை வைத்திருந்த சூசைப்பிள்ளை. சூசைப்பிள்ளை நாயாற்றுக் கரை ஆள். காலையில் பூசைக்குப் போய்விட்டு அதே வெள்ளைச் சேட்டோடு வருவார். போகும்போது அந்தச் சேட்டில் வெற்றிலைக் கறை இருக்கும்.

காசு வைத்து விளையாடமாட்டார்கள். வைத்திருந்தால் நாங்கள் சண்டை பிடித்தாவது நிறுத்தியிருக்கலாம். அவர்களுடைய பந்தயம் தோடு. வேலியில் பூவரசம் இலையைப் பிடுங்கி, நடுவில் கிழித்து, தோற்ற சோடியின் காதுகளில் வென்றவர்கள் கொழுவிவிடுவார்கள். அடுத்து வெல்லும் வரைக்கும் அதைக் கழற்றக்கூடாது, அது அடுத்த ஞாயிறு ஆனாலும் சரி என்பது சட்டம். சட்டம் போட்டவர்கள் படலை தாண்டியதும் கழற்றி எறிந்துவிட்டுப் போவார்கள் என்பது வேறு கதை.

அந்த இலையைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. அதைக் காதில் போட்டுக்கொண்டு அவர்கள் சிரித்த சிரிப்புத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால், பக்கத்தில் தேத்தண்ணித் தட்டத்தோடு நின்ற என் அக்காவின் காதில் தோடு இல்லை.

காடு வெட்டின காணி கிடைக்கிறது என்று தென்மராட்சியிலிருந்து இரண்டு குடும்பமும் ஒன்றாகத்தான் வந்தோம். வந்த முதல் வருசமே அத்தானின் உழவு மாட்டில் ஒன்றைப் பாம்பு கடித்தது. விதைப்புக்கு நாள் நெருங்கிவிட்டது. அக்கா ஒரு வார்த்தை பேசாமல், அம்மா போட்டுவிட்ட தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். மாடு வந்தது. "அடுத்த வெள்ளாமைக்குப் புதுசு செய்விச்சுத் தாறன்" என்றார் அத்தான். என் தோடு தப்பியதற்கு என் மனிசனின் கெட்டித்தனம் காரணமல்ல. எங்கள் மாட்டைப் பாம்பு கடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளாமையை ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் கொண்டுபோனது. அதற்கடுத்தது குளத்தில் தண்ணீர் இல்லை. பிறகொரு வருசம் அறக்கொட்டிப் பூச்சி விழுந்து கதிரெல்லாம் பதராகியது. நன்றாக விளைந்த வருசம் வீட்டுக் கூரை உக்கி இருந்துவிட்டது. இன்னொரு நல்ல வருசம் சைக்கிள் வாங்கினார். சங்கக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சைக்கிள் இல்லாமல் முடியாதுதானே. எல்லாம் நியாயமான காரணங்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அநியாயமான காரணம் என்றால் வாய்விட்டுக் கத்தலாம்.

அக்கா காதுத் துவாரம் தூர்ந்துபோகாமல் இருக்க ஈர்க்குத் துண்டு செருகியிருந்தாள். தலை முழுகும்போது பழையதை எடுத்துவிட்டுப் புதியது வைப்பாள். ஊரில் கலியாணம், சாமத்தியச் சடங்கு என்று அறிவித்தல் வந்தால் அவளுக்குத் தலையிடி வந்துவிடும். நான் போய்வந்து பலகாரம் கொடுப்பேன். அவள் ஊருக்கென்று ஆனையிறவு தாண்டியே வருசக் கணக்காகிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் தம்பி பாலனுக்கு ஆவணியில் கலியாணம் முற்றாகியது. மாப்பிள்ளைக்குத் தோழியாக நிற்கவேண்டியவள் மூத்த அக்கா. இந்த முறை தலையிடி வரமுடியாது. அந்த மாசியில் நெல்லும் கொட்டிக் கிடந்தது. அத்தான் சூடடித்த களத்தில் வைத்தே, "இந்த முறை தோடு கட்டாயம்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அன்றைக்கு அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. அவ்வளவு நம்பினாள்.

சித்திரை வருசப்பிறப்புக்கு வாத்தியார் ஊருக்குப் போய்விட்டார். ஆனாலும் ஞாயிறு வந்ததும் மற்ற மூன்று பேரும் பாயில் வந்து குந்திவிட்டார்கள். கை ஒன்று குறைய விளையாட்டு இல்லை. கடதாசியைச் சும்மா கலைத்துக் கலைத்துப் போட்டுக்கொண்டு கதைத்தார்கள். நாங்கள் இருவரும் குசினிக்குள் இருந்தோம்.

"உழவு மிசின் ஒண்டு விலைக்கு வந்திருக்கு. நாலு பேரும் பங்கு போட்டா எடுத்துப்போடலாம்" என்றார் அத்தான். "என்ர நெல்லுக்காசு அப்பிடியே கிடக்குது. நான் முதல் பங்கு."

அக்கா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். வாசலில் போய் நின்றாள்.

"அப்ப தோடு?"

அத்தான் திரும்பியும் பார்க்கவில்லை. "இஞ்சேரும், தோடு எங்க ஓடப்போகுது? மிசின் வந்தா அடுத்த வெள்ளாமைக்கு ரெண்டு சோடி வாங்கலாம்."

என் மனிசன் நிலத்தைப் பார்த்தார். சூசைப்பிள்ளை வெற்றிலையை மென்றார். எனக்கு அடுப்பிலிருந்த கேத்திலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாயில் ஊற்றிவிடலாம் போல இருந்தது. அக்கா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். நேரே போய் வாத்தியாரின் இடத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்தாள்.

"ஒரு கை குறையுதெல்லே. நான் பிடிக்கிறன். போடுங்கோ."

நாங்கள் பிறந்த வீட்டில் சிவராத்திரிக்குக் கண்விழிக்கும்போது பொம்பிளைகளும் கடதாசி பிடிப்பது வழக்கம். அக்கா விளையாடினால் அப்பாவே கவனமாக இருப்பார். அது அத்தானுக்குத் தெரியாது. சண்டை போடாமல் விளையாட வந்துவிட்டாளே என்ற நிம்மதியில் சிரித்துக்கொண்டு கடதாசியைப் பிரித்தார்.

நான் தேத்தண்ணியோடு அக்காவுக்குப் பின்னால் போய் நின்றேன். முதல் நாலு கடதாசி வந்தது. சிவப்பு ஆட்டின் சாதியில் ஜாக், ஒன்பது, ஆசு. இந்த விளையாட்டில் அவைதான் பெரிய கடதாசிகள். நாலாவது, கறுப்பு ஸ்கோப்பன் சாதியில் ஒன்றுக்கும் உதவாத ஒரு ஏழு. தன் பக்கம் இத்தனை புள்ளி எடுக்கும் என்று அக்கா பெரிய கேள்வியாகக் கேட்டாள். எந்தச் சாதி மற்றதையெல்லாம் வெட்டும் என்று காட்டும் துரும்பைக் கேட்டவர்தான் கவிழ்த்து வைக்கவேண்டும். அவள் ஆட்டினை விட்டுவிட்டு அந்த ஸ்கோப்பன் ஏழை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

அக்கா என்று கூப்பிட வாய் வந்தது. அவள் கழுத்தைத் திருப்பாமலே, "விமலா, தேத்தண்ணியை வைச்சிட்டுப் போ" என்றாள்.

துரும்பு திறந்ததும் சூசைப்பிள்ளை வாயைத் திறந்தபடி இருந்தார். "என்ன தங்கச்சி, இப்பிடிச் செய்து போட்டீர்!" பிடி பிடியாக எதிர்ப்பக்கம் போனது. அக்காவும் அவரும் தோற்றார்கள்.

என் மனிசன் இலை பிடுங்கிவந்து சூசைப்பிள்ளைக்குக் கொழுவினார். சிரிப்பு வந்தது. பிறகு எல்லாரும் ஒரேயடியாகச் சிரிப்பை நிறுத்தினார்கள். அக்கா இரண்டு காதிலும் இருந்த ஈர்க்கை இழுத்தெடுத்துப் பாயில் போட்டிருந்தாள். கன்னத்தை அத்தான் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

"போடுங்கோ."

"சும்மா இரும் இராசு. பொம்பிளையளுக்கு அது இல்லை."

"தோத்தவைக்குத் தோடு போடவேணும். உங்கட சட்டம்தானே? பவுனில ஏலாட்டி இலையிலயாவது போடுங்கோ."

அத்தானுடைய கையில் இலை இருந்தது. கடைசியில் கொழுவினார். ஒரு காதில் கொழுவும்போது இலை கிழிந்துபோய், வேறு இலை பிடுங்க வேண்டியிருந்தது.

அன்றைக்குக் கழற்றிவிடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன். கழற்றவில்லை. இலை வாடினால் காலையில் வேலியில் புது இலை பிடுங்கி மாட்டிக்கொள்வாள். அந்தக் கோலத்தோடு வாய்க்காலுக்குப் போனாள், சங்கக் கடைக்குப் போனாள், பிள்ளையார் கோயிலுக்கும் போனாள். "என்ன பிள்ளை காதில?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில். "எங்கட அவர் போட்டுவிட்ட தோடு." கோபமாகச் சொல்லமாட்டாள். அரிசி விலை சொல்வதுபோலச் சொல்வாள்.

அத்தான் கத்திப் பார்த்தார். "கழட்டும் அதை! சனம் சிரிக்குது."

"வெல்லும் வரைக்கும் கழட்டக்கூடாது. சட்டம்."

"அப்ப வந்து விளையாடி வெல்லுமன்!"

வாத்தியார் திரும்பி வந்து, விசயம் அறிந்து, தன் இடத்தை அக்காவுக்கே விட்டுக்கொடுத்தார். இப்போது அத்தானும் என் மனிசனும் தோற்பதற்காக விளையாடினார்கள். நல்ல கடதாசியை வீணாகப் போட்டார்கள், பெரிய கை வந்தும் கேள்வி கேட்காமல் விட்டார்கள். ஆனால் தோற்கவேண்டும் என்று முடிவெடுத்த என் அக்காவிடம் தோற்பது லேசில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் உச்சக் கேள்வி கேட்பாள். நான் குசினிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சூசைப்பிள்ளைதான் பாவம். "மாதாவே, இந்தத் தங்கச்சியால நானும் கருவாட்டுக் கடையில தோட்டோட இருக்கவேண்டிக் கிடக்குது" என்று புலம்பினார். அந்த மனிசன் மட்டும் உண்மையாகவே சட்டத்தைக் கடைப்பிடிக்கத் தொடங்கியிருந்தார்.

கொஞ்சம் கொஞ்சமாக ஞாயிற்றுக்கிழமை பிசகியது. அந்தக் காதுகளைப் பார்த்துக்கொண்டு இலைக்குச் சிரிக்க ஒருவராலும் முடியவில்லை. வாத்தியாருக்குக் கொப்பி திருத்த வேண்டியிருந்தது, என் மனிசனுக்கு வேலி அடைக்க வேண்டியிருந்தது. மிசின் கதையையும் யாரும் எடுக்கவில்லை. அத்தான் தனியே பாயில் இருந்து கடதாசியைக் கலைத்துவிட்டு, சுருட்டி வைத்துவிடுவார். எனக்கு அவரில் இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று அக்காவும் சொல்லவில்லை.

ஆடி முடியுமுன் ஒருநாள் அத்தான் விடிய பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனார். பொழுது சாயமுன் வந்தார். சேட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து, மனிசியிடம் நேரே கொடுக்காமல் குசினி வாசல்படியில் வைத்தார். அம்மாவின் தோட்டை விட மெல்லியதுதான். ஆனாலும் தோடு.

அக்கா இலையைக் கழற்றி வைத்தாள். தோட்டின் தண்டைக் காதில் வைத்து அழுத்தினாள். போகவில்லை. மற்றக் காதிலும் போகவில்லை. ஈர்க்கு இல்லாமல் இருந்த மாதங்களில் துவாரம் தூர்ந்துபோயிருந்தது. அத்தனை வருசம் காத்து வைத்திருந்த துவாரம்.

"ஈர்க்கை ஏனப்பா எடுத்தனீர்?" என்றார் அத்தான்.

"நீங்கள்தானே தோடு போட்டனீங்கள். தோட்டுக் காதில ஆர் ஈர்க்கு வைப்பினம்?"

கலியாணத்துக்கு நாள் இருக்கவில்லை. நான் எலுமிச்சை முள் ஒன்று பறித்து, விளக்கில் வாட்டி, தேங்காயெண்ணெய் பூசினேன். நாற்பதை எட்டிப்பிடிக்கிற பொம்பிளைக்குக் காதுகுத்து. தலை அசையாமல் இருக்க அத்தானைப் பிடிக்கச் சொன்னேன். முள் போனதும் ரத்தம் அவர் மணிக்கட்டில் சொட்டியது. அக்கா கண்ணை மூடவில்லை, அழவில்லை.

"நோகுதோ, இராசு?" என்றார் அத்தான்.

"இவ்வளவு காலத்துக்கும் இண்டைக்குத்தான் கேக்கிறியள்" என்றாள் அக்கா.

அக்கா மற்றக் காதை என் பக்கம் திருப்பினாள்.