கொலைகாரி போட்டிருந்த சட்டை

“அம்மாச்சி யாரையாச்சும் கொன்னாங்களாம்மா?” என்று கேட்டாள் என் ஏழு வயது மகள். தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். இல்லை என்றேன். “அப்ப ஏன் அந்தக் கொலைகாரிக்கு அம்மாச்சி சட்டையப் போட்டுவிட்டாங்க?” என்றாள்.

தப்பு என்னுடையதுதான். உண்மைக் குற்றக் கதைகள் நான்கைக் கோத்து எடுத்த பழைய படம் ஒன்றை யாரோ இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். நாலாவது கதை எங்கள் ஊர்ப்பக்கம் எடுத்தது. பெருமை தாங்காமல் மகளை மடியில் இழுத்து, “அந்தா பாரு, அம்மாச்சி சட்டை!” என்று காட்டினேன். அடுத்து என்ன காட்சி வரும் என்று, படித்தவள், யோசித்திருக்க வேண்டாமா?

நீலக் கட்டம் போட்ட சட்டை. அப்பாவுடையது. பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் வெடி ஆபீஸ் என்போம்; அங்கே வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். ஆலை வேனிலிருந்து அம்மா இறங்குவதற்கு முன்பே கந்தக வாசனை இறங்கிவிடும். அலுமினியப் பொடி அப்பிய அவள் கைகள் வெள்ளியாக மின்னும்.

நான் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் ஊரான ஏழாயிரம்பண்ணைக்குப் படக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். வேலைக்கறை படிந்த துணி வேண்டும், பதிலுக்குப் புதுச் சேலை தருகிறோம் என்றார்கள். “கிழிஞ்ச சட்டைக்குப் புதுச் சேலையா? கிறுக்குப் பயலுக!” என்று சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தாள் அம்மா.

படம் சாத்தூர் தியேட்டருக்கு வந்ததும் வேன் ஆட்கள் அத்தனை பேரும் போனோம். முதல் மூன்று கதைகளிலும் கொன்றவர்கள் சமையல்காரன், காவல்காரன், வேலைக்காரி. செத்தவர்களும் துப்புத் துலக்கியவர்களும் சிவப்பாக இருந்தார்கள். புத்தகம் மாதிரிப் பேசினார்கள். அதெல்லாம் அன்றைக்கு எங்கள் கண்ணில் படவே இல்லை. நாலாவது கதையில் வெடி ஆபீஸ் பெண் ஒருத்தி முதலாளி வீட்டம்மாவின் கழுத்தை நெரிக்கிறாள். கழுத்தில் வெள்ளிப்பொடி விரல் தடம். அந்த நடிகைக்கு முகத்தில் மட்டும் கருப்பு பூசியிருந்தார்கள்; பிடரி சிவப்பாகவே தெரிந்தது.

“ஏ, அது என் சட்டைல்லா!” என்று அம்மா எழுந்து நின்று கூவினாள்.

“உக்காருங்க மதினி, போலீஸு ஒங்களப் பிடிச்சுட்டுப் போயிரப் போகுது” என்றாள், அம்மாவோடு வேலை பார்த்த செல்லத்தாய் அத்தை. சிரிப்பும் கைத்தட்டலும் அடங்க வெகுநேரம் ஆனது.

நான் தட்டவில்லை. அன்றிலிருந்து அம்மா உருட்டிக் கொடுத்த சோற்றை வாங்கவும் இல்லை. அந்தக் கை பக்கத்தில் வந்தாலே கழுத்துக் கூசும். பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கிறது என்று பூசாரியிடம் கூட்டிப்போய்த் திருநீறு போட்டாள். எதைப் பார்த்து என்று நான் சொல்லவே இல்லை. பிறகு அவளாகவே கரண்டியில் போட ஆரம்பித்தாள். அதற்கப்புறம் எனக்கு ஊட்டியதே இல்லை.

நேற்று அம்மாவுக்குப் போன் செய்தேன். மகள் கேட்டதை மறைத்து, சுற்றி வளைத்து, அந்தக் கதை நிஜமா என்றேன்.

“கொல நெசந்தான் தாயி. ஆனா செஞ்சது அந்த வீட்டு மருமகன்லா. ஊருக்கே தெரியுமே.”

“தெரிஞ்சுமா கை தட்டுனீக?” என்றேன்.

“அதுவரைக்கும் எங்கள யாரு படத்துல காட்டுனா? கொலகாரியாவாச்சும் காட்டுனாகளேன்னு தட்டுனோம்.” பிறகு, “புள்ள சாப்பிட்டாளா?” என்றாள்.

நாங்கள் படம் பார்த்த தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். செல்லத்தாய் அத்தை ஒரு தீபாவளி சீசனில் வெடி ஆபீஸ் விபத்தில் போய்விட்டாள். உண்மை தெரிந்த வேன் பெண்களில் அம்மாவைத் தவிர யாரும் மிச்சமில்லை. படம் மட்டும் ‘உண்மைச் சம்பவம்’ என்ற எழுத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமை லீவுக்கு அம்மா வீட்டுக்குப் போகிறோம். “அம்மாச்சிட்ட நான் சாப்பிட மாட்டேன்” என்கிறாள் மகள். நிஜத்தில் கொன்றது யார் என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் சொல்லலாமா? இல்லை, அன்றைக்கு நான் ஏன் சோறு வாங்கவில்லை என்பதை முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் அம்மா தாங்குவாளா? உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது நடந்திருந்தால் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது.