பன்னிரண்டு சதவீத ஈரம்

லாரி இரண்டாவது முறையும் திரும்பி வந்தது. காலையில் ஏற்றி அனுப்பிய பதினொரு அட்டைக் கட்டுகளும் அப்படியே இருந்தன. டிரைவர் இறங்கி, காகித ஆலையில் கொடுத்த சீட்டை நீட்டினார். ஈரம் இருபத்து மூன்று சதவீதம். அனுமதி பன்னிரண்டு. அடியில் சிவப்பு மையில் ஒரு வரி: மூன்றாம் முறையும் இப்படி நேர்ந்தால் ஒப்பந்தம் ரத்து.

"நான் ஓட்டறவன். என்னை அப்படிப் பாக்காதீங்க" என்றார் டிரைவர்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. ஷெட்டுக்குள் ஓடும் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் இருபுறமும் பதினான்கு பெண்கள் நின்று வீட்டுக் குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அட்டை ஒரு பக்கம், பாட்டில் ஒரு பக்கம், தகரம் ஒரு பக்கம். ஆலை வாங்கினால்தான் அட்டைக்கு அட்டை என்று பெயர். வாங்காவிட்டால் அதுவும் குப்பை, குப்பையைப் பிரிக்க யாரும் கூலி கொடுக்கப் போவதில்லை. இது பதினான்கு பேருக்கும் தெரியும். லாரி வந்த சத்தம் கேட்டும் ஒருத்தியும் தலை நிமிரவில்லை.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. பதினாறு வருடங்களுக்கு முன் அதே பெல்ட்டில், இடப்பக்கம் மூன்றாவது ஆளாக, பாட்டில் மூடி பொறுக்கச் சேர்ந்தாள். சூப்பர்வைசர் ஆகி ஏழு வருடம். அவளுக்கென்று ஒரு நாற்காலியும் மின்விசிறியும் உண்டு. உட்காருவதில்லை. உட்கார்ந்தால் நாற்றம் தெரியும், நடந்துகொண்டே இருந்தால் தெரியாது என்பாள். எதையும் கழுவிப் போடச் சொல்வாள் என்பதால் பெல்ட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் கழுவக்கா. அவள் காதில் விழாதபடி சொல்வார்கள், விழுந்தாலும் கவலைப்பட மாட்டார்கள்.

வீட்டிலும் அவளால் சும்மா இருக்க முடியாது. கணவன் லிஃப்ட் மெக்கானிக். பால் கவரைத் தப்பான தொட்டியில் போட்டுவிட்டு அவர் நழுவப் பார்த்தால் கையைப் பிடித்து நிறுத்துவாள்.

"வீட்டுல மனுஷங்க ரெண்டு பேர். குப்பைத் தொட்டி நாலு" என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். "ஆளுக்கு ரெண்டு. நாங்க வசதியானவங்க."

அவள் சூப்பர்வைசர் ஆனபோது ஷெட்டுக்குக் குப்பை வந்தது நான்கு தெருவிலிருந்துதான். எல்லாம் அடுக்குமாடி. லாரி ஒன்பது இடத்தில் நின்றால் நிரம்பிவிடும். எந்த மாடியில் யார் பேட்டரியைப் பேப்பருக்குள் சுருட்டிப் போடுகிறார் என்பது வரை அவளுக்குத் தெரியும். நேரே போய் மணியடித்து, அந்த பேட்டரியை அவர் கையிலேயே வைத்துவிட்டு வருவாள். அட்டை விற்ற பணம் டீசலுக்கும் கூலிக்கும் சரியாக இருந்தது. லாபமில்லை, நஷ்டமுமில்லை. அப்படி ஆறு வருடம் ஓடியது.

பிறகு நகராட்சிக்குப் புது இன்ஜினியர் வந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் பெருக்கிப் பார்ப்பார்.

"நாலு தெருவுல இவ்வளவு வருதுன்னா, முப்பத்தஞ்சு தெருவுல எவ்வளவு வரும்? நீங்களே சொல்லுங்கம்மா."

 பெருக்கல் சரிதான். ஆனால் புதிய தெருக்களில் எல்லாம் தனித்தனி வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் கேட், கேட்டுக்கு முன்னால் தொட்டி. முன்பு ஒன்பது இடத்தில் நின்று நிரம்பிய லாரி இப்போது இருநூறு இடத்தில் நின்றும் நிரம்பவில்லை. போதாக்குறைக்கு, லாரி வருவதற்கு முதல் நாளே பழைய பேப்பர்காரர் தராசோடு ஒரு சுற்றுப் போய்விடுவார். செய்தித்தாள், தகரம், அலுமினியம் என்று காசு பெறுவதையெல்லாம் அவர் எடுத்துக்கொள்வார். காசு பெறாததை நல்ல மனதோடு அவளுக்கு விட்டு வைப்பார். குப்பை மேட்டுக்குப் போகிற லாரிகள் குறைந்திருந்தன என்பது உண்மை. அதில் மிச்சமான பணம் எங்கே என்று ஒருமுறை கேட்டாள்.

"அது வேற இலாகா" என்றார் இன்ஜினியர்.

இதெல்லாம் பழகிப்போன எரிச்சல். ஈரம் புது எரிச்சல். ஆலை மீட்டர் வைத்துச் சோதிக்க ஆரம்பித்ததே போன மாதம்தான்.

முதல் முறை திரும்பி வந்தபோது கூரை ஒழுகுகிறது என்று நினைத்து ஏணி போட்டு ஏறிப் பார்த்தாள். கூரை நன்றாக இருந்தது. அடுத்து, அட்டைகளை அழுத்திக் கட்டாக்கும் பிரஸ்காரர் மேல் சந்தேகம் வந்தது. எடை கூட்டிக் காட்ட ஷெட்டில் யாராவது குழாயைத் திறந்துவிடுவது கேள்விப்படாததல்ல.

"யாராவது கட்டு மேல தண்ணி விடறாங்களா?" என்று கேட்டாள்.

"யாராவதுன்னா யாரு? இந்த மெஷினைத் தொடறது நான் ஒருத்தன். கேக்கறதை நேராக் கேளுங்க."

"நீங்க விடறீங்களா?"

பிரஸ்காரர் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து அவளிடம் பேசவும் இல்லை. எடைச் சீட்டைக்கூட வேறொருத்தி கையில் கொடுத்தனுப்பினார்.

இப்போது இரண்டாவது முறை. அவளே கம்பி வெட்டியை எடுத்து ஒரு கட்டை அறுத்தாள். அட்டைகள் பொத்தென்று சரிந்தன. வெளியே காய்ந்திருந்தது. நடுவில் கையை விட்டால் சூடு. புழுங்கிப்போய், ஓரங்களில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. அவள் ஒரு துண்டைப் பிய்த்து முகர்ந்தாள். பூஞ்சை வாசனைக்கு நடுவே இன்னொன்று இருந்தது. சோப்பு.

மறுநாள் காலை டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து புதிய தெருக்களுக்குப் போனாள். பதினேழாவது தெருவில் அவளுடைய நாத்தனார் வீடு. கணவனின் அக்கா. வங்கியில் முப்பது வருடம் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முற்றத்துக் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, புது மின்விசிறி வந்த அட்டைப்பெட்டியைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியலையா? உன் வேலையைத்தான் பண்றேன்."

"அட்டையை எதுக்குக் கழுவறீங்க?"

"நல்லாக் கேட்டே போ. வீட்டுக்கு வீடு நோட்டீஸ் போட்டது யாரு? எதைக் கொடுத்தாலும் கழுவிக் கொடுங்கள். இவ்வளவு பெரிய எழுத்துல. ஃபிரிட்ஜுல ஒட்டி வெச்சிருக்கேன், வந்து பாரு."

"அது பாட்டிலுக்கு அண்ணி. டப்பாவுக்கு."

"எதைக் கொடுத்தாலும்னா அதுல அட்டை வராதா? எனக்குப் படிக்கத் தெரியாதா, உனக்கு எழுதத் தெரியாதா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

அவள் குனிந்து குழாயை மூடினாள். 

"நானாவது அட்டையோட விட்டேன். எதிர்வீட்டு வாத்தியாரைப் பாரு" என்று பிரஷ்ஷால் காட்டினார் நாத்தனார்.

எதிர்வீட்டுக் கொடியில் செய்தித்தாள்கள் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிளிப். ஒரு வாரத்துச் செய்தி வரிசையாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"பேப்பர்காரர் இதை வாங்க மாட்டேன்னுட்டாராம். வாத்தியார் என்ன சொன்னார் தெரியுமா? பரவாயில்ல, ஷெட்டுல இருக்கறவங்க சுத்தம் தெரிஞ்சவங்கன்னார்."

"எத்தனை நாளா இப்படி?"

"முதல் நாள்லேருந்து. இந்தத் தெரு முழுக்கத்தான். தண்ணி பில் என்ன ஆச்சு தெரியுமா? தம்பிகிட்டகூட மூச்சு விடல. தம்பி பொண்டாட்டி மானத்தை நான்தானே காப்பாத்தணும்?"

"இனிமே அட்டையைக் கழுவாதீங்க அண்ணி. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

"நல்லா இருக்கே! நாலு மாசம் என் முதுகை ஒடிச்சுட்டு, இப்ப வேண்டாமாம். நாளைக்கு வந்து இஸ்திரி போட்டுக் குடுங்கம்பே."

லாரிக்குத் திரும்பும்போது அவளுக்கு நாத்தனார் மேலும் கோபம் இல்லை, வாத்தியார் மேலும் இல்லை. தான் எழுதிய ஒரு வரி மேல் வந்தது. அதே நோட்டீஸைத்தான் நான்கு தெருவிலும் கொடுத்திருந்தாள். அங்கே பாதிப் பேர் படிக்கவில்லை. படித்தவர்கள் பாதியைத்தான் செய்தார்கள். அந்த அலட்சியத்தின் மேல்தான் ஷெட் ஆறு வருடம் நின்றிருக்கிறது. சொன்னதை அப்படியே செய்கிறவர்கள் உலகத்தில் இருப்பார்கள் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

இன்ஜினியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கப் பேனாவைத் திறந்து மூடினார்.

"ஒண்ணு பண்ணலாம். ஈர அட்டையை நடுவுல வெச்சு, காஞ்சதை வெளிய வெச்சுக் கட்டச் சொல்லுங்க. மீட்டர் எவ்வளவு ஆழம் குத்தும்? நாலு விரக்கடை."

"அவங்க ஒரு கட்டைப் பிரிச்சுப் பாத்தா?"

"பாக்கவா போறாங்க?"

"பாத்தா பதினாலு பேருக்கு வேலை போகும் சார். உங்களுக்கு ஒரு கடுதாசி வரும், அவ்வளவுதான்."

"அப்ப காஞ்சதை மட்டும் அனுப்புவீங்க. பாதி லாரி. டீசல் காசுகூடத் தேறாது."

"தேறாது."

"மேல கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஈரம்னு சொல்லுங்க."

ஷெட்டுக்குப் போனதும் கம்பி வெட்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பிரஸ்காரரிடம் போனாள்.

"தப்பு என்னோடது. நான் எழுதினதைப் பாத்து ஜனங்க அட்டையைக் கழுவிப் போட்டிருக்காங்க. எல்லாக் கட்டையும் பிரிக்கணும்."

"மிச்சம் பத்தையுமா?"

"பத்தையும்."

"ஒவ்வொண்ணாக் கட்டினது நான்."

"தெரியும்."

 அவர் அவள் கையிலிருந்த கம்பி வெட்டியை வாங்கிக்கொண்டார். "கையை அறுத்துக்கப் போறீங்க. தள்ளி நில்லுங்க."

மூன்று நாள் பெல்ட் ஓடவில்லை. முற்றம் முழுக்க அட்டையைப் பரப்பி, பதினான்கு பேரும் குனிந்து குனிந்து திருப்பிப் போட்டார்கள். உள்ளே பாட்டில்களும் டப்பாக்களும் ஆள் உயரத்துக்குக் குவிந்தன. பூஞ்சை பிடித்ததைத் தனியே ஒதுக்கிக் குப்பை மேட்டுக்கு அனுப்பினாள். அதைக் கழுவியவர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் இருக்கப் பார்த்தாள்.

சாயங்காலங்களில் இரண்டிரண்டு பேராக வீடு வீடாகப் போனார்கள். கூலி கிடையாது என்று முதலிலேயே சொன்னாள். "வேலையே போனா எந்தக் கூலி?" என்று கிளம்பினார்கள். கேட்டைத் திறந்தவர்கள் கேட்ட கேள்விகள் அவள் உயிரை வாங்கின. அட்டையில் எண்ணெய் இருந்தால்? முட்டை அட்டை எதில் சேரும்? அப்போது பாட்டிலையும் கழுவ வேண்டாமா? ஒருவர் கேட்டைப் பாதி மூடிக்கொண்டு, "எதுவா இருந்தாலும் எழுத்துல கொடுங்க. வாய்ச் சொல்லை எப்படி நம்பறது?" என்றார்.

"எழுதித்தான் சார் இந்தக் கதிக்கு வந்திருக்கோம்" என்றாள்.

வாத்தியார் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கொடியிலிருந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். முகம் வாடிவிட்டது. அவரைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

பதினொன்றில் ஆறு கட்டு தேறியது. நான்காம் நாள் காலை அவளே லாரியில் ஆலைக்குப் போனாள். சோதிக்கிறவர் இரண்டு ஊசி வைத்த மீட்டரோடு வந்தார். பாதி காலியாக இருந்த லாரியைப் பார்த்து, "பாக்கி எங்க? வழியில கொட்டிட்டீங்களா?" என்றார்.

"குத்துங்க" என்றாள்.

பதினொன்று. பத்தரை. பதினொன்றரை. பத்து. பதினொன்று. கடைசிக் கட்டில் ஊசியை இறக்கிவிட்டு அவர் மீட்டரைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தார்.

"பன்னிரண்டு."

"பன்னிரண்டுன்னா அனுமதிக்கு உள்ளயா, வெளியவா?"

அவர் அவளைப் பார்த்தார். லாரிக்குள் எட்டி, அடுக்கியிருந்த கட்டுகளையும் பார்த்தார். "உள்ளதான்" என்று கையெழுத்துப் போட்டார். "ஆனா விலை இந்த வாரம் குறைச்சிருக்கு. எல்லா ஊர்லயும் இதே திட்டம்தான் போட்டிருக்காங்க. இங்க அட்டை வைக்க இடமில்ல."

வாசலுக்கு வந்து ஷெட்டுக்கு போன் செய்து சொன்னாள். அந்தப் பக்கம் கூச்சலாக இருந்தது. யாரோ அழுவதுபோலவும் சிரிப்பதுபோலவும் கேட்டது. "போய் பெல்ட்டைப் போடுங்கடி. பாட்டில் மலையா நிக்குது" என்று வைத்தாள். அடுத்து இன்ஜினியர்.

"பாஸா? பிரமாதம்மா! எனக்குத் தெரியும். மேல கேட்டுக்கிட்டே இருந்தாங்க. இன்னும் நாப்பது தெரு சேத்துக்கச் சொல்லியாச்சு. நோட்டீஸ் மட்டும் புதுசா எழுதிக் குடுத்துருங்க."

அவள் லாரியின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டாள்.

"எழுத மாட்டேன் சார்."

"என்னம்மா இப்படி? நோட்டீஸ் இல்லாம எப்படி?"

"ஆள் போய்ச் சொல்லணும். பெல்ட்டுல நிக்கற பதினாலு பேரும் போகணும். ஒரு வீட்டுக்கு ரெண்டு தடவை. பொருளைக் கையில காட்டி, இதைக் கழுவு, இதைத் தொடாதேன்னு சொல்லணும். கூலியோட."

"அதுக்கு பட்ஜெட்டுல தலைப்பே இல்லயேம்மா."

"இன்னிக்குப் பாதி லாரி போயிருக்கே, அந்த நஷ்டத்தை எந்தத் தலைப்புல போடுவீங்க?"

"அது... இதர செலவு."

"இதையும் அதுலயே போடுங்க."

 பேனா மூடி திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்டது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அவர் யோசிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் ஆகும்.

"யோசிங்க. அதுவரைக்கும் அந்த நாப்பது தெருவுக்கு லாரி போகாது. சாவி என்கிட்டதான் இருக்கு."

போனை வைத்தாள். டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் நிமிர்ந்தார்.

"சாவி என்கிட்டல்ல இருக்கு?"

"ஷெட்டுக்குப் போனதும் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.