சிவபாதம் அண்ணையின் வெள்ளைப் பிளாஸ்டர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலை செய்யும் கல்லூரியின் சலவை அறையில் கூடைப்பந்து உடுப்புகளைத் தோய்த்துக்கொண்டிருந்தேன். சிவபாதம் அண்ணையின் மனைவி தொலைபேசியில் அழைத்தார். “அவர் விடிய எழும்பல்ல புள்ள” என்றார். மாரடைப்பாம். என் கையில் இருந்த சட்டையின் நெஞ்சில் ஒரு சப்பாத்துக் கம்பனியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அழுகைக்கு முன் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அண்ணை மட்டக்களப்பைச் சேர்ந்தவர். அங்கே ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பகுதியில் வேலை செய்தவர். எண்பத்து மூன்றாம் ஆண்டின் கடைசியில் ரொறன்ரோ வந்து, மறுபடி படித்து, இந்தக் கல்லூரியில் விளையாட்டுப் பிள்ளைகளுக்குக் காயம் பார்க்கும் வேலையில் சேர்ந்தார். டோர்செட் பார்க் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவார். கணுக்காலை விரலால் தடவிப் பார்த்து வெள்ளைப் பிளாஸ்டர் நாடாவைச் சுற்றிப் பல்லால் கிழித்து ஒட்டுவார். ஒவ்வொரு சுற்றுக்கும் “இறுக்குதா?” என்று தமிழிலேயே கேட்பார். பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவரையே பகிடி பண்ணுவார்கள்.

பிறகு அந்தச் சப்பாத்துக் கம்பனி காசோடு வந்தது. மண்டபச் சுவரில் பெயர், சட்டையில் பெயர், தண்ணீர்ப் போத்தலிலும் பெயர். எல்லாரும் அவர்களின் சப்பாத்தையே போட வேண்டும் என்று ஒப்பந்தம். அந்தச் சப்பாத்தில் குதிக்காலுக்குப் பிடிமானமில்லை, கணுக்கால்கள் வீங்கின. அண்ணை எழுதிய முறைப்பாட்டை ஒருவரும் வாசிக்கவில்லை. தன் மேசையில் அவர்கள் ஒட்டியிருந்த பெயரை அவர் பிளாஸ்டரால் மூடினார். உரித்தார்கள். மறுநாளும் மூடினார்.

“உங்களுக்கு ஏன் அண்ணை உந்த வேலை?” என்று கேட்டேன்.

“இது காயம் பாக்கிற மேசை புள்ள. கடை இல்ல.”

சென்ற ஆண்டு இறுதிப் போட்டியைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். விளம்பரத் தாள்களில் எல்லாம் லிண்டா என்ற ஆட்டக்காரியின் முகம். அவளுடைய முழங்காலோ வீங்கிக் கிடந்தது. விளையாட்டுப் பொறுப்பாளர் வந்து, “கம்பனிக்காரர் வருகிறார்கள். அவள் ஆடத் தகுதி என்று கையெழுத்துப் போடு” என்றார். நான் தோய்த்த துவாய்க் கட்டோடு காயம் பார்க்கும் அறையின் வாசலில் நின்றேன். “அந்தப் பிள்ளை இன்னும் ஐம்பது வருசம் நடக்க வேண்டும்” என்று அண்ணை மறுத்துவிட்டார். வேறொருவர் கையெழுத்திட்டார். இரண்டாம் பாதியில் லிண்டா விழுந்தாள். இன்றைக்கும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறாள். அடுத்த வாரமே விளம்பரத்தில் வேறு முகம். வெட்கங்கெட்டவர்கள்.

கல்லூரியில் விசாரணை வைத்தார்கள். பொறுப்பாளர் கையெழுத்துக்கு வற்புறுத்தினார் என்று அண்ணை சொன்னார். தான் யாரையும் வற்புறுத்தவில்லை என்றார் பொறுப்பாளர். சாட்சி நான் ஒருத்திதான். என் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. கடிதத் தலைப்புள்ள எந்தத் தாளில் பெயர் வந்தாலும் அது நேரே குடிவரவுக் கந்தோருக்குப் போய் வழக்கைக் கெடுக்கும் என்றே எங்கள் சனம் நம்பியது. “எனக்கு ஒன்றும் கேட்கவில்லை” என்று சொன்னேன். அண்ணை சொன்னது பொய் என்று முடிவுகட்டி, அவரைப் பந்து எடுத்துக் கொடுக்கும் களஞ்சிய அறைக்கு மாற்றினார்கள்.

அன்று பஸ்ஸில் அவர் என்னைத் திட்டவில்லை. “உங்கட கேஸ் முடியட்டும் புள்ள. பிறகு சொல்லுங்க” என்றார்.

தை மாதம் வழக்கில் வென்றேன். நான் சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தேன். அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கம்பனி மேல் உள்ள கோபத்தில் பாதி என்மேல்தான்.

இறுதிச் சடங்குக்குக் கல்லூரி அனுப்பிய மலர்வளையம்தான் எல்லாவற்றிலும் பெரியது. அதன் பட்டு நாடாவில் கம்பனியின் பெயர்! பக்கத்தில் பொறுப்பாளர் சோகமாக நின்றார். பெட்டிக்குள் வைப்பதற்காக அண்ணையின் பிளாஸ்டர் சுருளைக் கொண்டுபோயிருந்தேன். அவரைப் போலவே பல்லால் கிழித்து, அந்தப் பெயரின் மேல் ஒட்டினேன்.

“என்ன செய்கிறாய்?” என்றார் பொறுப்பாளர்.

“அன்றைக்கு வாசலில் எனக்கு எல்லாம் கேட்டது” என்றேன் ஆங்கிலத்தில், மண்டபத்துக்கே கேட்கும்படி.

மிச்சச் சுருளை அண்ணையின் கைக்குள் வைத்தேன்.

போய் வாருங்கள் அண்ணை. அன்றைக்கு என் காதில் விழுந்ததையெல்லாம் எழுதி, என் பெயரும் போட்டு, விசாரணை வைத்தவர்களுக்கு நேற்றுத் தபாலில் சேர்த்துவிட்டேன்.