சார்ஜ் அறையின் இரண்டாவது பூட்டு

ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனபோது சார்ஜ் அறைக் கதவில் இரண்டாவது பூட்டு ஒன்று தொங்கியது. பழைய பூட்டின் சாவி என் இடுப்பில் இருந்தது. புதியதன் சாவி முதலாளியிடம்.

"என்ன முதலாளி இது?"

"சும்மா, ஒரு காவலுக்கு" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் பெட்டரி ஸ்டோர் கண்டியில், கட்டுகஸ்தோட்டை வீதியில் இருந்தது. முதலாளி மடவளை ஊர் முஸ்லிம். கொழும்பிலிருந்து கார், லொறி பெட்டரிகளை மொத்தமாக எடுத்து வத்தேகம, திகன பக்கத்துக் கடைகளுக்குக் கொடுப்பார். கறுப்பு ரப்பர் பெட்டியில், மேலே தார் பூசி பெட்டரி வந்த காலம் அது. அவற்றைப் பலகை மேல் அடுக்குவது, அமிலம் ஊற்றிச் சார்ஜ் போடுவது, கண்ணாடிக் குழாயில் அமிலத்தை உறிஞ்சி அதன் கனம் பார்ப்பது, தேறியதை மட்டும் வெளியே அனுப்புவது, எல்லாம் என் பொறுப்பு. அமிலம் தெறித்தால் அன்றைக்குத் தெரியாது. சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டால்தான் ஓட்டைகள் தெரியும். அதற்காகவே மனைவி என்னோடு சண்டை பிடிப்பாள்.

அந்தப் பூட்டுக்குச் சில மாதம் முன்பு, வத்தேகமவில் ஒரு கடைக்குப் போன பெட்டரிகள் திரும்பி வரத் தொடங்கியிருந்தன. தார் பிளந்து, அமிலம் கசிந்து, பெட்டி வீங்கி வந்தன. அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் போட்டால் பெட்டரி அப்படிக் கெடும் என்பது ஸ்டோரில் எல்லோருக்கும் தெரியும். சார்ஜ் போடுகிறவன் நான் ஒருவன்தான் என்பதும் தெரியும்.

"திகனயிலிருந்து ஒண்ணுகூட திரும்பி வரலீங்களே முதலாளி?" என்று கேட்டேன்.

"வரும் தானே" என்றார்.

அதற்குப் பிறகு அவருடைய மருமகன் ஒரு கதிரையைத் தூக்கி வந்து சார்ஜ் அறைக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார். நாற்பது வயது மனிதர், வேலை ஒன்றுமில்லை, பத்திரிகையை விரித்துப் பிடித்திருப்பார், பக்கம் மட்டும் திரும்பாது. என் இடத்துக்கு அவர் குறி வைக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

சந்தேகப்படுவது என் பிறவிக் குணம். கடையில் தேங்காய் வாங்கினாலும் நாலு முறை ஆட்டிப் பார்ப்பேன். ஆகவே மருமகனோடு விடவில்லை. லொறி டிரைவர் வழியில் ஏதோ செய்கிறான் என்று நினைத்தேன். அவன் சிரித்தால் கேலி செய்கிறான் என்றும், சிரிக்காவிட்டால் குற்றம் உறுத்துகிறது என்றும் பட்டது. எல்லோரையும்விட அந்த வத்தேகமக் கடைக்காரர் மேல்தான் எனக்கு ஆத்திரம். எங்கள் புதிய பெட்டரியை வைத்துக்கொண்டு யாரோ ஒரு தேயிலைத் தோட்டத்து லொறியின் பழையதைத் திருப்பி அனுப்புகிறார், வேறென்ன?

கையும் களவுமாகப் பிடிக்க, அடுத்த லோட்டில் ஒவ்வொரு பெட்டரியின் அடியிலும் ஆணியால் ஒரு கீறல் போட்டு அனுப்பினேன். சில வாரத்தில் ஒன்று திரும்பி வந்தது. மருமகன் பார்க்காதபோது கவிழ்த்துப் பார்த்தேன். என் கீறல் அப்படியே இருந்தது. என் பெட்டரியேதான். அப்படியானால் கடைக்காரர் மாற்றவில்லை.

முதலாளி அன்று கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இன்னம் ஒரு லோட் பாப்போம். அதுவும் திரும்பி வந்தா, நீங்க வேற இடம் பாத்துக்கோங்க தம்பி" என்று மெல்லச் சொன்னார். கண்டியில் பெட்டரிக் கடைகள் ஒன்றையொன்று நன்றாக அறியும். பெட்டரியைக் கெடுத்தவன் என்று ஒரு இடத்திலிருந்து வெளியே போனால் இன்னொரு இடத்தில் வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள்.

அந்த லோட் போய் இறங்கிய அடுத்த நாள், சுகமில்லை என்று சொல்லிவிட்டு வத்தேகமவுக்கு பஸ் ஏறினேன். கடைக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை. கடைக்காரர் நெற்றி நிறையத் திருநீறோடு சாம்பிராணி காட்டினார். பிறகு ஒரு கிண்ணத்தை எடுத்தார். வரிசையாக நின்ற எங்கள் பெட்டரிகளில், ஒவ்வொன்றின் ஆறு மூடியிலும் சந்தனத்தை அழுத்தி வைத்து, அதன் மேல் குங்குமம் இட்டார்.

ஒவ்வொரு மூடியின் நடுவிலும் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. வண்டி ஓடும்போது பெட்டரிக்குள் எழும் வாயு அந்தத் துளையால்தான் வெளியேற வேண்டும். அது அடைபட்டால் பெட்டி வீங்கித் தார் பிளக்கும். தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

"அண்ணே, என்ன செய்றீங்க!"

அவர் நிமிர்ந்தார். "ஆறு வாய் இருக்கில்ல தம்பி. ஆறுமுகனுக்கு வைக்கிற மாதிரி ஆறு பொட்டு."

"நான் ஸ்டோர்ல சார்ஜ் போடுறவன். அப்ப திருப்பி அனுப்புற பெட்டரியில ஒரு பொட்டையும் காணோமே?"

"சுடுதண்ணியில மூடியெல்லாம் கழுவித்தான் அனுப்புவேன். முதலாளி தொழுற மனுசன். அவருகிட்ட பொட்டோட அனுப்புறது மரியாதையா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பொட்டு வைக்கவேண்டாம் என்றேன். உடனே அவர் முகம் மாறியது.

"யார் சொல்லி வந்தீங்க? ஒங்க முதலாளியா?"

இப்போது அவருக்குச் சந்தேகம், முஸ்லிம் முதலாளி பொட்டைத் தடுக்க ஆள் அனுப்பியிருக்கிறார் என்று. நான் வாக்குவாதம் செய்யவில்லை. முன்வாரம் பொட்டு வைத்துச் சந்தனம் காய்ந்திருந்த பழைய பெட்டரி ஒன்றின் மூடியைக் கழற்றி, அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவித் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். "ஊதிப் பாருங்க."

ஊதினார். கன்னம் உப்பியது, காற்று போகவில்லை. மறுபடி ஊதினார். பிறகு மூடியை வெளிச்சத்துக்குப் பிடித்து அந்தத் துளையைத் தேடினார்.

"இதனால எனக்கு வேலை போகப்போகுதுங்க" என்றேன்.

அவர் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறினார். இப்படி ஒரு மனிதரையா இத்தனை நாள் கள்ளன் என்று திட்டினேன் என்று வழியெல்லாம் கூசியது. முதலாளி முன் நின்று அவரே சொன்னார்: "சந்தனத்தால தொளைய அடைச்சது நான்தாங்க. இவர் மேல ஒரு தப்பும் இல்ல."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "இதுக்கா இவ்வளவும்! பொட்டு வைங்க, மூடியில இல்லாம பெட்டிப் பக்கவாட்டுல வைங்க, எனக்கென்ன. நான் இவர ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்ல. எங்க வீட்டாள் மாதிரித்தானே ஈக்கிறார்."

மருமகனின் கதிரை எதிரிலேயே கிடந்தது. சந்தேகப்பட்டேன் தம்பி என்று முதலாளி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் மறந்திருப்பேன். நானும்தானே ஊரையே சந்தேகப்பட்டேன். ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை என்ற அந்தப் பொய்யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முதலாளி புதிய பூட்டின் சாவியை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. என் இடுப்பிலிருந்த பழைய சாவியையும் அவிழ்த்து அவர் மேசையில் வைத்தேன்.

"இனிமே நீங்களே தொறந்து விடுங்க முதலாளி."

அதற்குப் பிறகு நான் அங்கே வேலை செய்த காலம் முழுவதும், காலையில் கதவருகே கை கட்டி நிற்பேன். முதலாளி வந்து இரண்டு பூட்டையும் திறந்துவிடுவார்.