திரும்புவதற்கென்று வைத்த எண்ணெய்

எனக்கு யாரையும் சட்டென்று நம்பி வழக்கமில்லை. பால்காரர் அளந்து ஊற்றினால் எட்டிப் பார்ப்பேன். டாக்டர் மாத்திரை எழுதித் தந்தால் மருந்துக்கடையில் இன்னொரு தடவை விசாரிப்பேன். அப்படிப்பட்டவனை ஒரு மழைக்காலக் காலையில், சென்னையில், கதவைச் சாத்திய விமானத்துக்குள் ஒரு மணி நேரம் சும்மா உட்கார வைத்தார்கள்.

அன்று என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாமிரபரணிக் கரையில் எங்கள் சாஸ்தா கோயிலில் பதினொன்றரைக்குள் முடிக்க வேண்டும். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். தங்கைக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான்.

தூத்துக்குடியில் மழையாம். அதனால் கூடுதலாக எரிபொருள் நிரப்பிக்கொண்டு கிளம்பப் போவதாக விமானி அறிவித்தார். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. எண்ணெய் போட மறந்துவிட்டுப் பழியை மழை மேல் போடுகிறார்கள் என்று தோன்றியது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, ஆளை ஏற்றிக் கதவைச் சாத்தின பிறகுதான் இதெல்லாம் ஞாபகம் வருமா என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே தண்ணீர் கொடுத்தாள். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

பக்கத்து இருக்கையில் இருந்தவர் தூத்துக்குடிக்காரர். விசைப்படகு வைத்திருப்பவர். கழுத்தில் ஜெபமாலை கிடந்தது.

"சத்தம் போடாதீரும் வே. காத்து மழைன்னா நாங்களும் ரெண்டு கேன் டீசல் கூடத்தான் ஏத்துவோம்" என்றார்.

இவர் எதற்குக் கம்பெனிக்காரர்களுக்குப் பரிந்து பேசுகிறார் என்று அவர் மீதும் ஒரு கண் வைத்துக்கொண்டேன்.

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்கு மேலே வந்தபோது கீழே ஓடுபாதை இருப்பதற்கான அடையாளமே இல்லை. ஒரே வெள்ளை. விமானம் வட்டமடிக்க ஆரம்பித்தது. இன்னும் இருபது நிமிடம் பார்ப்போம், மேகம் விலகாவிட்டால் மதுரைக்குப் போய் எரிபொருள் நிரப்பிக்கொள்வோம் என்றார் விமானி. சரி, இப்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறது? அதை மட்டும் ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்? கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தேன். பதினேழாவது நிமிடத்தில் விமானம் வடக்கே திரும்பிவிட்டது. மூன்று நிமிடத்தைக் குறைத்துவிட்டார்!

"மதுரைக்குப் போவ எண்ணெய் இருக்குல்லா அண்ணாச்சி? அதுல இங்கனயே இன்னும் ரெண்டு சுத்து சுத்துனா என்ன?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டேன். எண்ணெய் போட மறந்துவிட்டார்கள் என்று சென்னையில் சண்டை பிடித்தவனும் நான்தான். பதினொன்றரைக்குள் அந்த மடியில் பிள்ளை உட்கார வேண்டும். வேறு எதுவும் அப்போது எனக்கு முக்கியமாகப் படவில்லை.

அவர் தலையை ஆட்டினார். "அது திரும்புததுக்குன்னு வச்சது வே. நாங்க கடலுக்குப் போவும்போதே கரைக்குத் திரும்பி வார அளவுக்கு டீசல தனிக் கேன்ல கெட்டி வச்சிருவோம். மீனு கண்ணு முன்னால துள்ளுனாலும் அதத் தொட மாட்டோம். தொட்டுட்டு வராமப் போனவன எனக்குத் தெரியும்."

நான் மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

மதுரையில் இறங்கியபோது மணி பத்தே முக்கால். எரிபொருள் வண்டி இறக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அங்கிருந்து காரில் பறந்தாலும் கோயிலுக்கு மூன்று மணி நேரம் ஆகும். தங்கையைக் கூப்பிட்டேன். கோயில் பக்கம் சிக்னல் சரியாகக் கிடைக்காது. பேச்சு விட்டு விட்டுத்தான் கேட்டது.

"ஏட்டி, பிளேனு அங்க எறங்க முடியாம மதுரைக்கு வந்துட்டு. எண்ணெய் போடுதாவ."

பின்னால் மேளச் சத்தம்.

"என் வளைகாப்புக்கும் ரயிலு லேட்டுன்னுதானண்ணே சொன்ன?"

அந்த ரயிலில் நான் ஏறவே இல்லை. போக மனமில்லாமல் வீட்டில் படுத்துக் கிடந்தேன். அது அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. படகுக்காரரிடம் ஃபோனைக் கொடுத்தேன்.

"தங்கச்சி, ஒங்க அண்ணன் சொல்லுதது சத்தியம்மா. நான் அவரு பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்" என்றார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஃபோனைத் திருப்பித் தந்தார். "நான் யாருன்னு கேக்காவ வே."

"கொஞ்சம் நிப்பாட்டி வையி. எப்படியும் வந்துருதேன்" என்று கெஞ்சினேன்.

"நிப்பாட்ட எல்லாம் வேண்டாம்ணே. பெரியப்பா மவன்கிட்ட நேத்தே சொல்லி வச்சிட்டேன். அவன் எட்டு மணிக்கே வந்து உக்காந்திருக்கான்."

நேற்று மழையும் இல்லை, விமானம் தாமதமாகும் என்ற பேச்சும் இல்லை.

ஃபோனை அவள் வைக்கவில்லை. மேளம் உரத்தது. அதற்கு நடுவே பிள்ளை வீறிட்டு அழுவது கேட்டது.